பேர் கேட்காத கஞ்சி

போன வாரம் என் பெரிய மகன் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். வழுவழுப்பான தாள். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் வெள்ளிக்கிழமைதோறும் நான் ஊற்றுகிற கஞ்சி, நான் கண்ணை மூடிய பிறகும் நிற்காமல் நடக்க வேண்டுமென்றால் அறக்கட்டளை ஒன்று பதிய வேண்டுமாம். வக்கீலைப் பார்த்து விதியெல்லாம் எழுதி வாங்கியாகிவிட்டது. நல்ல காரியம்தானே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். முதல் வரி, கஞ்சி பெறுபவரின் பெயர். இரண்டாவது வரி, அடையாளக் கார்டு எண். மூன்றாவது வரிக்கு நான் போகவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஏம்ப்பா, என்னா ஆச்சு?"

"இத எடுத்துட்டுப் போ."

"ஒரு பேருதானப்பா. சொன்னா தேஞ்சா போயிருவாங்க?"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரிக் கொட்டகைக்குப் போகிறேன், வருகிறேன். மாட்டுக் கொட்டகைக்குப் போகிறேன், வருகிறேன். பிள்ளைகள் ரத்தக் கொதிப்பு என்று நினைத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரைக்கு அடங்குகிற கொதிப்பு இல்லை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதும் நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது ஒரே ஒரு மழைக்காலம். கூரை ஒழுகியது, வெளியே வந்தேன், திரும்பிப் போகவில்லை. நாற்பது வயதுக்கு மேல் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானே எழுத்துக் கற்றுக்கொண்டேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையால் ஐந்து லாரி வாங்கினேன். கடைத்தெருவில் மூன்று கடை வாங்கினேன். எவன் முன்னாலும் கைகட்டி நின்று சம்பாதித்தது ஒன்றும் இல்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும், பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போகிற காலத்தில் எனக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஜப்பான்காரன் காலம். எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், ஆட்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று படுத்துக் கிடந்தார்கள். நான் படுக்கவில்லை. ஒரு பழைய சைக்கிளைப் பிடித்தேன். டயர் கிடைக்காத நேரம். ரப்பர்ப் பாலில் உறைந்த கித்தாவைக் கயிறாகத் திரித்து, சக்கரத்தில் சுற்றி, கம்பி போட்டு இறுக்கினேன். ஜல்லி ரோட்டில் போனால் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம். அதில் கோலா கெடா போய்க் கருவாடும் உப்பும் எடுத்து, ஜித்ராப் பக்கத்துக் கம்பங்களில், மலாய்க்காரர் கிராமங்களில், கொடுத்து அரிசியாக மாற்றி, பீடோங்குக்குக் கொண்டுவருவேன். அரிசி என்று தெரிந்தால் வழியில் பிடுங்கிக்கொண்டு அடியும் கொடுப்பார்கள். நான் அரிசி மூட்டைமேல் கெட்டுப்போன கருவாட்டைப் பரப்பி வைப்பேன். சோதனைக்கு நிற்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டுவான். அந்த யோசனை கெடா முழுவதிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் தோன்றியது. பின்னால் செய்தவர்கள் என்னைப் பார்த்துச் செய்தவர்கள்.

அந்த ஓட்டத்தில்தான் பால்கார அக்கா பழக்கமானாள். தோட்டத்து எல்லையில், கூலியாட்களின் லயத்து வீடுகளுக்கு அப்பால், தனிக் குடிசை. மூன்று பசு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நான் பழகத் தொடங்கியபோது அவள் புருஷன் வீட்டில் இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன ஆட்களில் அவனும் ஒருவன். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அவன் போன விதத்தை அக்கா ஒரே ஒருமுறை சொன்னாள், சாணத்தை வாரிக்கொண்டே. தோட்ட ஆபீசில் அரிசி கொடுக்கிறார்கள், வந்து பேர் கொடுங்கள் என்று லயம் லயமாகச் சொல்லிப் போனார்களாம். அவள் புருஷன் முதல் ஆளாகப் போய் நின்றானாம். பேரைச் சொன்னான், எழுதிக்கொண்டார்கள், ஒரு படி அரிசி கிடைத்தது. அடுத்த வாரம் அதே நோட்டைப் பார்த்து வரிசையாகப் பேரைக் கூப்பிட்டு லாரியில் ஏற்றினார்கள்.

"லாரி போனப்பறம் பானையில அந்த அரிசி பாதி இருந்துச்சு தம்பி. ரெண்டு நாளு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். மூணா நாளு பசி தாங்கல. பொங்கித் தின்னுட்டேன்."

  நான் அவள் கையிலிருந்த சாணக் கூடையை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

மழை ஓய்ந்த சமயம் அக்காவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அந்த வீக்கம் வயிற்றுக்கு ஏறினால் ஆள் தப்பாது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். விஷயம் காதில் விழுந்து கோயில் தலைவர் வந்தார். நான் அப்போது கருவாட்டு மூட்டையோடு வாசலில் இருந்தேன்.

"மாட்டக் கோயிலுக்கு எழுதி வையிம்மா. ஒம் பேரக் கல்லுல வெட்டி வாசல்லயே பதிக்கிறோம்."

"மாட்டுக்குக் கோயில்ல என்னாங்க வேல?"

"பாலாபிஷேகத்துக்கு ஆவும்ல?"

"அம்மனுக்குக் கால் வீக்கம் ஒண்ணும் இல்லையே" என்றாள் அக்கா. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"தம்பி, மாசத்துல எத்தன தடவ ஜித்ரா போற?"

"நாலு தடவ. என்னைத் தவிர வேற எவனும் போயி முழுசா திரும்ப மாட்டான்க்கா."

"பெரும பேசாத. கேளு."

அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பாலை விற்கக் கூடாது. நெய்யாக்க வேண்டும். மலாய்க் கம்பத்தில் நெய்க்கு எவ்வளவு அரிசி தருவார்கள் என்று என்னிடமே முன்பு விசாரித்திருக்கிறாள். நான்தான் வாய் கொள்ளாமல் சொல்லியிருக்கிறேன். அந்த அரிசியோடு கிழங்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்ச வேண்டும். வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில், வடக்கிலிருந்து வருகிற ரோடு பீடோங்கைத் தொடுகிற பாலத்தடியில் வைத்து ஊற்ற வேண்டும். சயாமிலிருந்து தப்பி வருகிறவன் எவனாக இருந்தாலும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

"மாட்ட விக்கக் கூடாது. கன்னு போட்டா கன்னும் கஞ்சிக்குத்தான்."

"சரிக்கா."

"நின்னுக்கிட்டுக் குடிக்க விடாத, உக்கார வையி. கரண்டி அடி வரைக்கும் போவணும். முன்னால வந்தவனுக்குத் தண்ணி, பின்னால வந்தவனுக்குச் சோறுன்னு ஆவக் கூடாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

"யாருகிட்டயும் பேரு கேக்கக் கூடாது. எந்த ஊருன்னு கேக்கக் கூடாது. எம் பேரும் சொல்லக் கூடாது. இதுல ஒண்ணு தப்புனாலும் செத்தும் ஒன்ன விட மாட்டேன்."

கோயில் தலைவரை விட்டுவிட்டு என்னிடம் கொடுத்திருக்கிறாள். கோயில் தலைவர் நாலு கடிதம் எழுதுகிற ஆள், வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் அவரோடு நின்று பேசிய ஆள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கெட்டிக்காரன் யார் என்று ஒரு பெண்பிள்ளைக்காவது தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

கஞ்சி நடந்தது. முதலில் இரண்டு மண்ணெண்ணெய் டின்னில் காய்ச்சினேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் காலில் புண்ணை இலை வைத்துக் கட்டியிருப்பார்கள். சாக்கை இடுப்பில் சுற்றியிருப்பார்கள். ஜாவாக்காரர்கள் வந்தார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சீனப் பெண் வந்தாள், பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வந்தார்கள். சிரட்டையில்தான் ஊற்றுவேன். பேர் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் தடுமாறினேன். அண்ணே, அக்கா, தம்பி போதும் என்று ஆனது. ஜாவாக்காரனையும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், அவனும் திரும்பிப் பார்த்தான்.

இதோடு நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் கருவாடு கொடுத்து ஒரு பித்தளை அண்டா வாங்கினேன். நாலு டின் பிடிக்கும். என் உபயம். இப்போதும் நம்மில் யாராவது கோயிலுக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தால்கூட, விளக்கைவிடப் பெரிதாகப் பேர் இருக்கும். குழல்விளக்குக் கண்ணாடியில் வெளிச்சத்தை மறைத்துப் பேர் எழுதுகிற ஜாதி நாம். பேர் வெட்டாத பாத்திரத்தைத் தருமப் பாத்திரம் என்று எவனும் நம்ப மாட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா வாயால் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னாள், அண்டாவில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு வழக்கும் பேசிக்கொண்டேன். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பத்தரிடம் போனேன்.

"அக்கா பேரு மேல, எம் பேரு கீழ. நல்லா ஆழமா வெட்டுங்க."

"எழுத்துப் பெருசாவா?"

"பெருசாத்தான்."

"அப்ப ரெண்டு போத்தலு எண்ணெய்."

தேங்காயெண்ணெய் இரண்டு போத்தல் கொடுத்தேன். விளிம்புக்குக் கீழே எழுத்துகள் மின்னின. எது அக்கா பேர், எது என் பேர் என்று எனக்குத் தெரியாது. கீழே இருப்பது என்னுடையது என்று தடவிப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டு வெள்ளிக்கிழமை போயிருக்கும். மூன்றாவது வெள்ளி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். முழங்காலில் ஒட்டுப் போட்ட வெள்ளைக் காற்சட்டை. சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற நோட்டு அவர் கையில்தான் இருந்தது.

"நல்ல கூட்டமா இருக்கே. எந்த ஊரு ஆளுங்க?"

"தெரியாதுங்கய்யா."

"பேரு?"

"கேக்குறதில்லைங்க."

அவர் குனிந்து அண்டாவின் விளிம்பைப் பார்த்தார். முதலில் அக்கா பேரைப் படித்தார். அப்புறம் என் பேரைப் படித்தார். எழுதியிருந்த என் பேரை ஒரு ஆள் வாய்விட்டுப் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ நாள் ஆசைப்பட்டது. கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து விளிம்பின் மேல் போட்டேன்.

"மேல இருந்து இந்த மாசம் நாப்பது தலை கேக்குறான். தோட்டத்துல ஏதுப்பா ஆளு? நீ ஒரு நோட்டுப் போடு. வர்றவன் பேரெல்லாம் எழுதிவை. வாரம் ஒரு மூட்டை அரிசிக்குச் சீட்டுத் தரேன். எதுக்குக் கஞ்சி, சோறாவே போடலாம்லா."

"எனக்கு எழுதத் தெரியாதுங்கய்யா."

"எழுதத் தெரியாதவன் அண்டாவுல பேரு வெட்டி வச்சிருக்கே?"

"அது பத்தர் வெட்டுனதுங்க."

"சரி. அடுத்த வெள்ளி எழுதத் தெரிஞ்ச ஆள நான் அனுப்புறேன். நீ ஊத்து, அவன் எழுதட்டும். இல்லேன்னா..." அண்டாவை விரலால் சுண்டினார். "நாப்பதுல ஒரு பேரு எனக்கு இப்பவே தெரியும்."

போவதற்கு முன்னால் அவரும் ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தார். உட்கார்ந்துதான் குடித்தார். அவருக்கும் கரண்டியை அடி வரைக்கும் விட்டுத்தான் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் பாதிப் பேர் இல்லை. குடித்தும் குடிக்காததுமாகச் சிரட்டைகள் கிடந்தன.

அந்த வாரம் நான் கால் ஓரிடத்தில் வைக்கவில்லை. கோலா கெடாவுக்குப் போனேன், கருவாடு வாங்காமலே திரும்பினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு மூட்டை அரிசி என்பது என்னை ஆட்டித்தான் வைத்தது. நூறு பேர் வயிறு நிறையும், நாலு பேருடைய பேர் போகும், எது பெரிது என்று சைக்கிள் மிதித்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். பொய்ப் பேர் கொடுத்தால் என்ன என்றும் பார்த்தேன். நிறுத்திவிட்டு ஜித்ராப் பக்கம் ஓடிப்போனால் என்ன என்றும் பார்த்தேன். எதுவும் உட்கார விடவில்லை. கடைசியில் அக்காவிடம் போனேன். அதற்குள் வீக்கம் தொடைக்கு ஏறியிருந்தது. சாக்கு விரிப்பில் மாடுகளைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்டாவையும் சொன்னேன்.

"அண்டாவுல பேரு வெட்டுனியா?"

"உபயம்னா வெட்டணும்லக்கா. ஊரு வழக்கம்."

"யாரு பேர?"

"ஒம் பேருதான். மேல." மாட்டுக்குப் புல்லை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னேன். "கீழ எம் பேரு."

"சின்ன எழுத்தா?"

"அதே அளவுதான்."

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இருமல் நின்றதும் கேட்டாள்.

"கோயில் தலைவர விட்டுட்டு ஒங்கிட்ட ஏன் குடுத்தேன் தெரியுமா?"

"நாந்தான் கெட்டிக்காரன்னு."

"எழுதத் தெரியாதவன்னு. வேற எவன்கிட்ட குடுத்தாலும் மொதல்ல ஒரு நோட்டு வாங்குவான். நீ வாங்க மாட்டேன்னு நெனச்சேன். நீ அண்டாவையே நோட்டாக்கிட்ட."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் தற்குறி என்று திட்டியிருக்கிறார்கள். எவன் சொன்னதும் அப்படிப் போய் இறங்கியதில்லை. என் கெட்டிக்காரத்தனத்துக்காக இல்லை, என் தெரியாமைக்காகத்தான் அவள் என்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள்.

"பொய்ப் பேரு எழுதிக் குடுத்தா என்னக்கா?"

"பேரு பொய்யா இருக்கும். லாரியில ஏத்துறது பொய்யான ஆளையா?"

"அப்ப நிறுத்திரவா?"

"நிறுத்தவா மாட்டக் குடுத்தேன்? வர்றவன் கண்ணுல படட்டும்னுதான் பாலத்தச் சொன்னேன். அது போனாப் போவுது. பேரு கேக்காத, அது ஒண்ணுதான். எடத்துக்கு நீ வழி பண்ணு. பெரிய கெட்டிக்காரன்ல."

அன்று மாலையே அரத்தை எடுத்து உட்கார்ந்தேன். அக்கா பேர் சீக்கிரம் போய்விட்டது. என் பேர் போகவில்லை. நான் கேட்டுக்கொண்டபடி பத்தர் அதை ஆழமாகத்தான் வெட்டியிருந்தார். உள்ளங்கை கொப்பளித்தது. விளிம்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று வெற்றிடம் ஆனது.

இடத்துக்கு நான் செய்த வழியைக் கேளுங்கள். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துக் கட்டுவது நம் வழக்கம். அதைப் பார்த்தால் வேலை வாங்குகிற மண்டோரும் கிட்டே வர மாட்டான், கிராணியும் வர மாட்டார். நோய்க்குப் பயம் பாதி, அம்மனுக்குப் பயம் பாதி. வாரம் ஒரு இடத்தில் அடுப்பைக் கூட்டினேன். ரோட்டிலிருந்து பிரிகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிடுவேன். நடந்து வருகிறவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லி வைத்தேன், வேப்பிலை தொங்குகிற பாதையில் போங்கள், கஞ்சி இருக்கும் என்று. அண்டாவைச் சாக்குப் போட்டு மூடி வண்டியில் ஏற்றி, அக்காவின் மூத்த பசுவைப் பூட்டினேன். பசுவை வண்டியில் பூட்டக் கூடாது என்பார்கள். காளைக்கு எங்கே போவது?

பாலத்தடியில் நோட்டோடு வந்த ஆள் பொழுது சாயும்வரை கொசுக்கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மணிக்கட்டில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு போத்தல் நெய்யோடு போனேன்.

"கஞ்சி எங்கடா?"

"நின்னுபோச்சுங்கய்யா. அந்தக்காவுக்கு அம்மா வந்துருச்சு. நாந்தான் கூட இருந்து தண்ணி ஊத்துறேன்."

நாற்காலியோடு இரண்டு அடி பின்னால் போனார். "அங்கயே நில்லு!"

"ஐயாவுக்குக் கொஞ்சம் நெய்யி..."

"எடுத்துட்டுப் போடா!"

நெய்யும் மிச்சம். நாற்பதில் என் பேரையும் அவர் சேர்க்கவில்லை. அம்மை வீட்டுக்குப் போய்வருகிற ஆளைச் சேர்த்தால் அவருக்குத்தான் அடி விழும். எல்லாம் என் மூளை. ஆனால் இல்லாத அம்மையை இருக்கிறது என்று சொன்னது என்னை வாட்டியது. அம்மன் கோயிலுக்குப் போய் மூன்று செவ்வாய் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் உடம்பில் ஒரு பரு கிளம்பினால் பத்து நாள் நடுங்குவேன்.

அக்கா அதிக நாள் இருக்கவில்லை. வீக்கம் வயிற்றுக்கு வந்துவிட்டது. கடைசியாக நான் பார்த்த அன்று, "கரண்டி அடி வரைக்கும் போவுதா?" என்று கேட்டாள். போவுதுக்கா என்றேன். வேறு பேச்சில்லை. மாடுகளை பீடோங்குக்கு என் இடத்துக்கு ஓட்டிவந்தேன். குடிசையை ஆட்கள் பலகை பலகையாக விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை, சீனர் இடுகாட்டுக்குப் பின்பக்கம் கித்தா மரங்களுக்குள் அடுப்பு. நல்ல கூட்டம். ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். இரண்டு காலிலும் சாக்குத் துணி. தாடிக்குள் வயது தெரியவில்லை. சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தான். குடித்துவிட்டுப் பசு கட்டியிருந்த பக்கம் போய் நின்றான். அதன் விலாவில் கையை வைத்தான். பசு உதைக்கவில்லை, நகரவில்லை.

"பின் எடது காம்பு இன்னும் கல்லாத்தான் இருக்கா?"

"ஆமாண்ணே" என்றேன் ஊற்றிக்கொண்டே. "அழுத்திக் கறந்தாத்தான் வருது."

"மொதல்ல அதக் கறக்காதீங்க. கடசியில கறங்க. சுடுதண்ணித் துணி வச்சிட்டுக் கறங்க."

"சரிண்ணே."

சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெற்கே நடந்தான். நான் இன்னும் ஏழெட்டுப் பேருக்கு ஊற்றியிருப்பேன். கரண்டி அடியில் முட்டி அப்படியே நின்றது. 'இன்னும்' என்று கேட்டான். அந்தக் காம்பைப் பற்றி அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். 'இன்னும்' என்று கேட்க அவள் புருஷனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கரண்டியைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். சுங்கைப்பட்டாணி வரைக்கும் மிதித்தேன். வழியில் நடந்த ஒவ்வொருவன் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? அண்ணே, அண்ணே என்று கத்தினேன். ரோட்டில் போன எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இல்லை.

குடிசை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பான். பெண்டாட்டி இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்றுதான். வயிற்றுக்குள் போன கஞ்சி அவள் ஊற்றியது. அண்டாவில் பேர் இருந்திருந்தால் படித்திருப்பான். அதைச் சுரண்டியதும் இதே கைதான். வெட்டியபோது ஒரு தப்பு, சுரண்டியபோது ஒரு தப்பா? என் மனைவி இருந்தவரை சொல்லுவாள், மாடு பழகிய எவனும் மடியைப் பார்த்ததும் காம்பைச் சொல்லிவிடுவான், நீங்கள் ஏன் கிடந்து அலைகிறீர்கள் என்று. இருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கக் கூடாது என்பது அவள் வாக்கு. நான் அதைக் காப்பாற்றினேன். காப்பாற்றிய நாளிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

நேற்று வக்கீலை வரச் சொன்னேன். படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார்.

"பேர் இல்லாம எத்தனை பேர் குடிச்சாங்கன்னு எப்படிங்க ஐயா காட்டுறது?"

"அடுப்புச் சாம்பல அள்ளிப் பாக்கச் சொல்லுங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லீங்களா?"

"அதுக்கு எம் பேர எழுதிக்கிடுங்க. எத்தன தடவ வேணும்னாலும் எழுதிக்கிடுங்க. குடிக்கிறவன் பேரு கெடையாது."

பெரிய மகன் வாயைத் திறக்கப் போனான். சின்னவன் அவன் தொடையைத் தட்டினான். பாரத்தை நாலாக மடித்து அடுப்பில் போட்டேன். மாட்டை விற்கக் கூடாது, உட்கார வைத்து ஊற்ற வேண்டும், கரண்டி அடி வரைக்கும் போக வேண்டும், பேர் கேட்கக் கூடாது. இவ்வளவும் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் கையெழுத்தேதான், கட்டை விரல் இல்லை.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். அக்கா சொல்லாதது. அதற்கு நான்தான் பொறுப்பு, செத்த பிறகு அவளிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். முதல் கரண்டி ஊற்றுவதற்கு முன்னால் ஊற்றுகிறவன் எல்லார் காதிலும் விழ ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்து எல்லையில் தனிக் குடிசையில் மூன்று மாடு வைத்திருந்த ஒரு பால்கார அக்கா ஊற்றுகிற கஞ்சி இது, அதில் மூத்த பசுவுக்குப் பின் இடது காம்பு கல்லாக இருக்கும். அவ்வளவுதான். பேர் வேண்டாம் என்றாள், அதனால் பேர் இல்லை. இந்தத் தாளிலும் அதனால்தான் யார் பேரும் இல்லை.

இதை வெள்ளிக்கிழமைதோறும் நானே எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், கிழவனுக்கு மாட்டு நினைப்பு என்கிறார்கள். அவன் இருந்தால் என்னைவிட மூத்தவன், இருக்க வழியில்லை. தெரியும். இருந்தாலும் குடித்து முடித்த எவனாவது உடனே எழுந்து போகாமல் மாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால், நான் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நிற்கிறேன். கேட்க மாட்டேன். அவனாகச் சொன்னால் காது கொடுக்க வேண்டும், அதற்குத்தான்.

நாளை வெள்ளிக்கிழமை. விறகு இன்னும் வரவில்லை, போய்ப் பார்க்க வேண்டும்.